எண்ணை இறக்கினால் வேகம் கூடாது: வீட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பயன்படுத்துவதும் பராமரிப்பதும்

வெயிலில் அலைந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏசியின் எண்ணை 18-க்கு இறக்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு 18 டிகிரி குளிர் தேவையில்லை. 25 டிகிரியே போதுமானது. எண்ணை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்கிறார்கள். வீட்டைச் சூடாக்க வேண்டிய குளிர்ப் பிரதேசங்களில் இதே நம்பிக்கை தலைகீழாக வேலை செய்கிறது. 21 டிகிரி போதும் என்கிறவர்களே குளிரில் நடுங்கியபடி 30 வரை திருகி வைக்கிறார்கள். ஏசியிலும் ஹீட்டரிலும் இந்த எண்ணைக் கவனித்துக்கொள்ளும் கருவியான தெர்மோஸ்டாட்டைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறான புரிதலிலிருந்து கிளைத்தவையாகவே இருக்கின்றன. ஆகவே அதைத் தீர்த்துவிட்டே மற்றவற்றுக்குப் போக விரும்புகிறேன்.

வில்லெட் கெம்ப்டன் என்ற ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள் மனத்தில் தெர்மோஸ்டாட்டைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் இருப்பதாக விளக்கினார். ஒரு சாரார் அதைத் தண்ணீர்க் குழாயின் திருகைப் போல நினைக்கிறார்கள்: அதிகம் திறந்தால் அதிகம் வரும். மற்றொரு சாரார், குறித்த வெப்பநிலை வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அதிலிருந்து விலகியதும் மீண்டும் ஓடவிடும் கருவியாக அதைப் புரிந்துகொள்கிறார்கள். சாதாரண வீட்டுக் கருவிகளுக்கு இரண்டாவது கருத்தே பொருந்தும். தெர்மோஸ்டாட் செய்வது மூன்றே வேலைகள்: தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அளக்கிறது, நாம் வைத்த எண்ணோடு அதை ஒப்பிடுகிறது, இயந்திரம் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று சொல்கிறது. 35 டிகிரியில் இருக்கும் அறை 25-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது இயந்திரத்தின் திறனையும் அறையின் அளவையும் பொறுத்தது. நாம் 25 என்று வைத்தாலும் 18 என்று வைத்தாலும் அந்த நேரம் மாறாது. 25-ஐத் தாண்டிய பிறகுதான் வேறுபாடு தெரியும்: 18 என்று வைத்தவருடைய இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவார்கள். அதன் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளக்கூடியது என்பதும், அறையின் வெப்பநிலைக்கும் நாம் வைத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே அந்த வேகம் தீர்மானிக்கப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் 35 டிகிரி அறையில் 25 என்று வைத்தாலே இடைவெளி பெரியது. இயந்திரம் ஏற்கெனவே தன் முழு வேகத்திலோ அதை ஒட்டியோதான் ஓடும். அதற்கு மேல் எண்ணை இறக்குவதால் கிடைப்பது மிகச் சொற்பம். அவசரமாகக் குளிர்விக்க வேண்டுமென்றால் ஃபேன் வேகத்தைக் கூட்டுவதும் ஜன்னல் திரைகளை இழுத்து மூடுவதும் அதைவிடப் பலன் தரும்.

கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் மறுபடி வராது. பழைய வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினால், நடுவில் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு மெல்லிய உலோகப் பட்டை தெரியும். அது ஒரே உலோகம் அல்ல. வெப்பத்தில் அதிகம் விரியும் ஒன்றையும் குறைவாக விரியும் மற்றொன்றையும் முதுகோடு முதுகாக ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை. வெப்பம் மாறும்போது இரண்டும் சம அளவில் விரியாததால் சுருள் இறுகும் அல்லது தளரும். அதன் முனையில் விரல்நுனி அளவுக் கண்ணாடிக் குப்பி ஒன்று, அதற்குள் ஒரு துளிப் பாதரசம். சுருள் அசையும்போது குப்பி சாய்கிறது. பாதரசம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டு இரண்டு கம்பிகளை இணைக்கிறது. ஹீட்டர் ஓடத் தொடங்குகிறது. உள்ளங்கையை அருகில் நீட்டிச் சில நொடிகள் காத்திருந்தால் போதும், கையின் சூட்டுக்கே சுருள் மெல்ல நகர்ந்து துளி மறுபக்கம் ஓடிவிடும். இந்த அமைப்பில் "எவ்வளவு" என்ற செய்தியை அனுப்ப எந்த வழியும் இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டு செய்திகள் மட்டுமே கம்பியில் போகின்றன.

ஈருலோகப் பட்டையைக் கொண்ட வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1830-இல் காப்புரிமை பெற்றார். அறையில் வைக்கும் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்றார். அவர் காலத்தில் பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கி அடுப்புக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆளுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு காவல் வைப்பதே ஜான்சனின் எண்ணம். இன்றைய டிஜிட்டல் கருவிகளில் சுருளுக்குப் பதிலாகத் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி இருக்கிறது; வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும், அந்த மாற்றத்தை ஒரு சிப் வாசிக்கும். அளக்கும் முறைதான் மாறியிருக்கிறதே தவிர, செய்யும் வேலை மாறவில்லை.

இதிலிருந்துதான் பராமரிப்புக்கான அடிப்படையும் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் அளப்பது வீட்டின் வெப்பநிலையை அல்ல. தன்னைச் சுற்றியுள்ள ஒரு சாண் காற்றின் வெப்பநிலையை. அந்த ஒரு சாண் காற்று வீட்டின் நிலையை உண்மையாகக் காட்டினால் மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கும். காட்டாவிட்டால், எத்தனை விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் தவறான செய்தியை நம்பித்தான் அது முடிவெடுக்கும். என் அனுபவத்தில், "கருவி கெட்டுவிட்டது" என்று சொல்லப்படும் புகார்களில் கருவி சரியாகவே இருந்து, அது இருக்கும் இடம் தவறாக இருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சுவரில் அல்லாமல் உட்சுவரில், தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில், ஆட்கள் அதிகம் புழங்கும் அறையில் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். நேரடி வெயில் படக் கூடாது. காலையில் படாத வெயில் மாலையில் படலாம் என்பதால் நாளின் வெவ்வேறு நேரங்களில் பார்ப்பது அவசியம். வாசற்கதவை ஒட்டியோ, குளிர்ந்த அல்லது சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேராகவோ, சமையலறைச் சுவரிலோ வைப்பது நல்லதல்ல. இவற்றையெல்லாம் பொருத்துபவர் கவனித்திருப்பார் என்று நம்பலாம். ஆனால் பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து நாமே செய்யும் மாற்றங்களை யாரும் கவனிப்பதில்லை. கருவிக்குக் கீழே ஒரு மேசை விளக்கை வைப்போம்; பக்கத்தில் தொலைக்காட்சியையோ இணைய ரவுட்டரையோ பொருத்துவோம்; அதை மறைக்கும் வகையில் ஓர் அலமாரியை நகர்த்துவோம். விளக்கின் சூடு மேலெழும்பிக் கருவியைத் தொட்டால், குளிர்காலத்தில் அறை குளிர்ந்து கிடக்கும்போதே ஹீட்டர் நின்றுவிடும். கோடையில் அறை குளிர்ந்த பிறகும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு பொருளை அந்தச் சுவரோரம் வைக்கும்போதெல்லாம் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பலரும் அறியாத இன்னொரு கோளாறு சுவருக்குள் இருக்கிறது. கம்பி வருவதற்காகப் போட்ட துளை, கருவிக்குப் பின்னால் திறந்தே கிடக்கும். உள்ளே வெற்றிடம் உள்ள சுவராக இருந்தால், அந்த இடைவெளியில் ஓடும் காற்று துளை வழியாக வந்து கருவியின் முதுகில் படும். அந்தக் காற்று கூரையின் சூட்டையோ வெளிக்குளிரையோ சுமந்து வருவது; சென்சார் அதைத்தான் அறையின் காற்று என்று எடுத்துக்கொள்ளும். கருவியின் முன்பகுதியைக் கழற்றி, மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைத் துளைக்கு முன்னால் பிடித்தால், அது படபடப்பதிலிருந்தே காற்று வருவதைக் கண்டுபிடித்துவிடலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துளையை ஓட்டை அடைக்கும் பசையால் (putty) மூடினால் தீர்ந்தது. இவ்வளவு சிறிய வேலை இவ்வளவு பெரிய பலன் தருவதைப் பார்க்கும்போது, புதிய கருவி வாங்குவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சுவரில் தனிக் கருவி இல்லாமல் ரிமோட்டால் இயங்கும் ஸ்பிளிட் ஏசியில் சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் ரிமோட்டைக் காட்டுவார்கள். பெரும்பாலான மாடல்களில் அது உட்புற யூனிட்டுக்குள், காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் இருக்கிறது. அதாவது கூரைக்கு அருகே. யூனிட்டுக்கு எதிரே அலமாரியோ கனமான திரையோ இருந்தால், வெளியே வரும் குளிர்காற்று அதில் மோதித் திரும்பி உடனே உள்ளே இழுக்கப்படும். அறை குளிர்ந்துவிட்டதாகச் சென்சார் முடிவு செய்து கம்ப்ரசரை நிறுத்த, கட்டிலில் படுத்திருப்பவர் வியர்த்துக்கொண்டிருப்பார். ஃபில்டரில் தூசி அடைந்தால் காற்றோட்டம் குறைவதாலும் அளவு பிசகும். சில ரிமோட்களில் தனிச் சென்சார் உண்டு. அந்த வசதியை இயக்கியிருந்தால், ரிமோட்டை நாம் உட்காரும் இடத்தருகே, வெயிலும் விளக்கும் படாமல் வைப்பது கட்டாயம். தலையணைக்கு அடியில் சிக்கிய ரிமோட் அறையின் வெப்பநிலையைச் சொல்லாது.

கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிப்பது எளிது. நம்பகமான வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, சுவரின் குளிர்ச்சி நேரடியாகத் தாக்காதபடி இடையில் மடித்த காகிதம் வைத்து டேப்பால் ஒட்ட வேண்டும். 15 முதல் 20 நிமிடம் யாரும் அருகில் நிற்கக் கூடாது. உடற்சூடும் மூச்சும் அளவை மாற்றிவிடும். பிறகு விரைவாகப் போய் இரண்டையும் வாசிக்க வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் இருந்தால், பல டிஜிட்டல் கருவிகளில் அளவைத் திருத்திக்கொள்ளும் செட்டிங் உண்டு. பாதரசக் குப்பி உள்ள பழைய வகையில் முதலில் பார்க்க வேண்டியது கருவி கிடைமட்டமாக இருக்கிறதா என்பதைத்தான். யாராவது இடித்து அது ஒருபுறம் சாய்ந்திருந்தால் துளி உருளும் புள்ளியே மாறிவிடும். டிஜிட்டல் கருவி சாய்ந்திருந்தால் பார்வைக்குத்தான் குறை.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். எந்தத் திரவத்தையும் கருவியின் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. பழைய வகையில் திறந்த உலோகத் தொடுமுனைகள் இருந்தால், அவற்றுக்கிடையே சுத்தமான கெட்டிக் காகிதத்தைச் செருகி இழுத்தால் அழுக்கு வந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் முனைகள் கீறி மேலும் கெடும்.

பேட்டரியைத்தான் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். திரையில் எச்சரிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்த எச்சரிக்கை நடுக்குளிர்காலத்தில் வீட்டில் யாரும் இல்லாத வாரத்தில் வரக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்குவதற்கு முன், எல்லாப் பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. ரீசார்ஜ் செய்யும் வகையின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் பேட்டரிக்கு 1.5 வோல்ட். அதனால் முன்னதைப் போட்டால் சில கருவிகள் பேட்டரி தீர்ந்துவிட்டதாகத் தவறாகக் காட்டும். நெடுநாள் கிடந்த பேட்டரி கசிந்து, முனைகளில் வெண்ணிறப் பொருக்கு படிந்திருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, அது காரத்தன்மை உள்ளது. கையுறை அணிந்து, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே புதியதைப் போட வேண்டும். பேட்டரி மாற்றிய கையோடு கருவியின் கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் நேரம் அழிந்துவிடும்; பகல் பன்னிரண்டை இரவு பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு, எந்த நேரத்துக்கு எந்த வெப்பநிலை என்று நாம் பதிந்து வைத்த அட்டவணை முழுவதும் புரண்டு ஓடும்.

அட்டவணையால் மின்சாரமும் எரிபொருளும் மிச்சமாகுமா என்பதில் கருத்து வேறுபாடு நிறைய. வீட்டை விட்டுப் போகும்போது எண்ணை மாற்றினால், திரும்பி வந்து மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர அதைவிட அதிகம் செலவாகும் என்று உறுதியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம் இல்லை. சுவர் வழியாக வெப்பம் கடக்கும் அளவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 35 டிகிரியாகவும் உள்ளே 25 டிகிரியாகவும் இருந்தால் வேறுபாடு 10. உள்ளே 27 ஆக்கினால் 8. சுவர் வழியே நுழையும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. குறைந்த வேறுபாட்டில் வீடு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு மிச்சம். திரும்பக் குளிர்விக்கும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடாது. நாளுக்கு 8 மணிநேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது ஏறத்தாழ 4 முதல் 5.5 செல்சியஸ் டிகிரி மாற்றி வைத்தால், ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது.

ஆனால் அட்டவணை வசதி உள்ள கருவியை வாங்குவதாலேயே இது நடந்துவிடாது. அமெரிக்காவில் அத்தகைய தெர்மோஸ்டாட்களுக்கு வழங்கப்பட்டுவந்த, எரிசக்திச் சிக்கனத்தைக் குறிக்கும் எனர்ஜி ஸ்டார் முத்திரை 2009-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டது. எதிர்பார்த்த மிச்சம் வீடுகளில் உறுதிப்படவில்லை. காரணம் எளிது. அட்டவணை பிடிக்காத ஒருநாள் ஒருவர் "ஹோல்டு" பொத்தானை அழுத்துவார். அன்றிலிருந்து கருவி அந்த ஒரே எண்ணில் நின்றுவிடும். தற்காலிக ஹோல்டு அடுத்த நேரப்பிரிவு வந்ததும் தானே நீங்கிவிடும். நிரந்தர ஹோல்டு நாம் எடுக்கும்வரை போகாது. திரையில் அந்தச் சொல் தெரிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது, புதிய கருவி வாங்குவதைவிடப் பயனுள்ள பழக்கம். அட்டவணையும் வீட்டில் உள்ளவர்களின் உண்மையான நேரங்களுக்குப் பொருந்த வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நேரங்களை அப்படியே விட்டால் யாராவது ஹோல்டை அழுத்தத்தான் செய்வார்கள்.

வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடும் வெப்பப் பம்பு உள்ள வீடுகளுக்கு இந்த அறிவுரையை அப்படியே சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் எண்ணை வெகுவாக இறக்கிவிட்டுக் காலையில் திடீரென்று ஏற்றினால், பம்பால் மட்டும் விரைவில் எட்ட முடியாது என்று கணித்துக் கருவி துணை ஹீட்டரை இயக்கிவிடும். அது வெறும் மின்தடைச் சுருள். ஒரே அளவு வெப்பத்துக்குப் பம்பைவிட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கக்கூடியது. அங்கே ஓரிரு டிகிரி மாற்றத்தோடு நிறுத்துவதும், ஏற்றும்போது சிறிது சிறிதாக ஏற்றுவதும் நல்லது. தரைக்கு அடியில் குழாய் ஓடும் சூடாக்கும் முறையும் மந்தமானது. மணிக்கணக்கில் தாமதித்தே எதிர்வினை காட்டும் என்பதால் குறுகிய நேர மாற்றங்களால் பயனில்லை. ஈரப்பதம் மிகுந்த காலத்தில் பல நாள் வெளியூர் போகும்போது ஏசியை அடியோடு நிறுத்திவிட்டால் பூஞ்சை பிடிக்கலாம். உறையும் குளிர் உள்ள ஊரில் ஹீட்டரை நிறுத்திவிட்டால் தண்ணீர்க் குழாய் வெடிக்கலாம்.

மிச்சம் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்காலத்தில் வீட்டின் உட்புறம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. முதியவர்கள், குழந்தைகள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். வயதானவர்களுக்குக் குளிரையும் வெப்பத்தையும் உணரும் திறன் குறையும் என்பதால் அவர்கள் "பரவாயில்லை" என்று சொல்வதை மட்டும் நம்பி எண்ணை வைக்காதீர்கள். அவர்கள் அறையில் ஒரு வெப்பமானியை வையுங்கள். கோடையில் மின்விசிறியைச் சேர்த்து ஓடவிட்டால் ஏசியின் எண்ணை இரண்டு டிகிரி வரை ஏற்றினாலும் வசதி குறையாது. விசிறி குளிர்விப்பது ஆளைத்தான், அறையை அல்ல. ஆள் வெளியேறினால் அதையும் நிறுத்திவிடலாம்.

அடிக்கடி எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பது இயந்திரத்துக்கும் கெடுதல். கம்ப்ரசர் நின்றதும் குழாய்களில் உள்ள அழுத்தம் சமநிலைக்கு வரச் சில நிமிடங்கள் தேவை. அதற்குள் மறுபடி தொடங்கினால் மோட்டார் திணறும். பெரும்பாலான கருவிகள் இதற்காக மூன்று முதல் ஐந்து நிமிடத் தாமதத்தை வைத்திருக்கின்றன. பொத்தானை அழுத்தியும் உடனே ஓடவில்லையே என்று பதறி மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம். அது பழுது அல்ல, பாதுகாப்பு. அதே போல, குறித்த எண்ணுக்கு அரை டிகிரி மேலும் கீழும் போய் வருவதும் இயல்பே.

கருவியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் அது எந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மைய ஹீட்டர், ஏசி அமைப்புகளில் பல 24 வோல்ட்டில் இயங்கும் மெல்லிய கம்பிகளைக் கொண்டவை. சுவரோர மின் ஹீட்டர்களின் தெர்மோஸ்டாட் வீட்டு மின்சாரத்திலேயே நேராக இயங்கும். கம்பி தடிமனாக இருக்கும். 24 வோல்ட் கருவியை அதில் இணைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த வகையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள். மெல்லிய கம்பி வகை என்றாலும், பிரேக்கரை நிறுத்திவிட்டு, ஒரு கம்பியைக்கூடக் கழற்றுவதற்கு முன் செல்பேசியில் படம் எடுத்து, எந்தக் கம்பி எந்த எழுத்துள்ள முனையில் இருந்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. பொருத்தியவர் கையில் கிடைத்த கம்பியைப் பயன்படுத்தியிருக்கலாம். வைஃபை உள்ள கருவிகளுக்குத் தொடர்ச்சியான மின்சாரம் தரும் "சி" கம்பி தேவைப்படும். அது இல்லாத இடத்தில் சில கருவிகள் ஹீட்டரின் சுற்றிலிருந்தே சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் ரிலே என்ற உள் சுவிட்ச் படபடவென அடித்துக்கொள்வதுண்டு. வாங்குவதற்கு முன்பே மூடியைக் கழற்றி அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

கழற்றிய பழைய கருவியில் பாதரசக் குப்பி இருந்தால் அதைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. ஒரு குப்பியில் ஏறத்தாழ 3 கிராம் பாதரசம் இருக்கும். கருவியைப் பிரிக்காமல் அப்படியே இறுக மூடும் டப்பாவில் வைத்து, அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். குப்பி உடைந்துவிட்டால் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்த அறையிலிருந்து வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்து, உள்கதவை மூடிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் துளி சிதறிப் பரவும். வேக்குவம் கிளீனர் அதை ஆவியாக்கிக் காற்றில் கலந்துவிடும். கையுறை அணிந்து, இரண்டு கெட்டி அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து, பயன்படுத்திய அட்டையையும் கையுறையையும் அதனுடனேயே அடைத்து ஒப்படைக்க வேண்டும்.